பத்திரத்தில் ஒரு விலை, பையில் ஒரு விலை

முகூர்த்த நாள் ஒன்றின் முற்பகலில் தாம்பரத்திலோ சேலையூரிலோ பல்லாவரத்திலோ உள்ள சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள், கைரேகையின் மை துடைக்கத் துணி தேடும் முதியவர்கள், கோப்புகளைச் சுமந்து அங்குமிங்கும் ஓடும் பத்திர எழுத்தரின் உதவியாளர்கள் எனத் திருவிழாக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒருவரையும் பல வேளைகளில் காணலாம். பத்திரத்தில் எழுதப்படாத பணம் அந்தப் பைக்குள் இருக்கிறது.

“பத்திரத்தில் எவ்வளவு போடலாம்?” வீடும் மனையும் விலை பேசும் இடங்களிலெல்லாம், விலை படிந்த மறுகணமே எழும் கேள்வி இது. கேட்பவருக்கும் கூச்சமில்லை, பதில் சொல்பவருக்கும் கூச்சமில்லை. தொழுகையைத் தவறவிடாத நம்மவரும், வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே விலகி நிற்கும் நம்மவரும் இந்தக் கேள்விக்கு மட்டும் சர்வ சாதாரணமாகத் தலையசைத்து விடுகிறோம். “ஊரோடு ஒத்துப் போகிறோம்” என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

அன்பிற்குரிய வாசகர்களே! இந்தத் தலையசைப்பினால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? சட்டம் நம்மிடம் கேட்பது என்ன? ஆயுளில் ஒருமுறை வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பம் எந்தெந்தத் தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்? இவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் கேட்கும் உண்மை

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே செல்லும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் வகுத்த விதி. பத்திரத்தில் எழுதவேண்டியது என்ன என்பதை 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் சொல்லுகிறது. அதன் 27ஆம் பிரிவின்படி, கைமாறிய தொகை, சொத்தின் சந்தை மதிப்பு, தீர்வையைப் பாதிக்கக்கூடிய மற்ற விவரங்கள் யாவும் முழுமையாகவும் உண்மையாகவும் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். அரசை ஏமாற்றும் நோக்கோடு அவற்றை மறைப்பது தண்டனைக்குரிய குற்றம்.

தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒன்று இதே முத்திரைச் சட்டத்தில் 47-அ என்ற பிரிவைச் சேர்த்தது. பத்திரத்தில் எழுதியுள்ள மதிப்பு உண்மையானதன்று எனப் பதிவு அலுவலர் நம்பக் காரணம் இருந்தால், பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு, மதிப்பைத் தீர்மானிக்கும்படி அதனை ஆட்சியருக்கு அனுப்பலாம் என்பது அதன் சாரம். இப்பணிக்கென்றே முத்திரைத்தாள் தனித்துணை ஆட்சியர்கள் இருக்கின்றனர். குறை மதிப்பைத் தடுப்பதற்கான விதிகள் 1968இல் வந்தன.

ஒவ்வொரு பத்திரத்தையும் சந்தேகத்தோடு துருவிப் பார்ப்பது நடவாத காரியம். ஆகவே தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று பதிவுத்துறை பட்டியல் தயாரித்து வைத்தது. அதுவே வழிகாட்டி மதிப்பு. நாம் ‘கைடுலைன் வேல்யூ’ என்கிறோம்.

வழிகாட்டி என்ற பெயரிலேயே அதன் எல்லையும் அடங்கியிருக்கிறது. ஆந்திராவில் இருந்த இத்தகைய மதிப்புப் பதிவேட்டைப் பற்றிய வழக்கில், அதற்குச் சட்ட ஆதாரமில்லை, அதை மட்டும் வைத்துச் சந்தை விலையை முடிவு செய்யக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 1994இல் கூறிற்று. நம் பகுதிக்கு அருகே, கிண்டியில் இருந்த டான்சி நிறுவன நிலத்தின் விற்பனை பற்றிய வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். 2003 நவம்பரில் அவ்வழக்கை முடித்து வைத்தபோதும், வழிகாட்டி மதிப்பே இறுதியான விலை ஆகாது என்ற கருத்தை உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. ஒரே தெருவில் மேடான மனையும் உண்டு, மழை வந்தால் மூழ்கும் மனையும் உண்டு; இரண்டிற்கும் ஒரே விலை எப்படிப் பொருந்தும்?

ஏறி இறங்கிய எண்கள்

வழிகாட்டி மதிப்பு கடந்த சில ஆண்டுகளில் பட்ட பாடு சொல்லி மாளாது. 2012 ஏப்ரலில் மாநிலமெங்கும் அது பெருமளவில் உயர்த்தப்பட்டது. நிலச் சந்தை மந்தமானதும், 2017 ஜூன் 9 முதல் மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதே நாளில் பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக ஏறியது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய மதிப்பு திரும்பவும் கொண்டுவரப்பட்டு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தது. மதிப்பை மாற்றுவதற்கு விதிகள் கூறும் முறை பின்பற்றப்படவில்லை என்று கட்டுமான நிறுவனத்தாரின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கை செல்லாது என்றது. அதன்பின் முறைப்படி திருத்திய புதிய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

2023இல் அமைந்த விகிதப்படி, கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5, உள்ளாட்சிக்கான சொத்து மாற்றுத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 விழுக்காடு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஒரு மாற்றம் வந்தது. குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர்ப் பக்கங்களில் நெடுங்காலமாக நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரமும், கட்டடத்துக்குத் தனியே ஒரு கட்டுமான ஒப்பந்தமும் எழுதுவது வழக்கம். 2023 டிசம்பர் 1 முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டு மதிப்பு முறை வந்துவிட்டது. பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுபவர்கள் கடைசி நேரத்தில் திகைத்துப் போகிறார்கள்.

அரை கிரவுண்டின் கணக்கு

இனி, ஒரு கணக்கு. கிழக்குத் தாம்பரத்தில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 4,000 ரூபாய். பேசி முடித்த விலை 6,000 ரூபாய். (எண்கள் உதாரணத்துக்காகவே.) உண்மை விலை 72 லட்சம், வழிகாட்டி மதிப்புப்படி 48 லட்சம். “பத்திரத்தில் 48 போட்டுக்கொள்வோம், மீதி 24 ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்” என்கிறார் விற்பவர். தரகரும் ஆமாம் போடுகிறார்.

வாங்குபவருக்கு மிச்சமாவது என்ன? 24 லட்சத்துக்கு 9 விழுக்காடு, 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். கண்ணுக்கு எதிரே தெரியும் லாபம்!

பத்தாண்டு கழித்து அதே மனையை அவர் விற்க நேர்கிறது. அப்போது அவருக்கு வரும் லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும். 2024 ஜூலை 23க்குப் பின் வாங்கும் சொத்துக்கு விலைவாசி ஏற்றத்துக்கான கழிவு கிடையாது, வரி 12.5 விழுக்காடு. அவர் கையை விட்டுப் போனது 72 லட்சம். சட்டத்தின் கண்ணில் அவர் வாங்கிய விலை 48 லட்சம். ஆகவே தாம் சம்பாதிக்காத 24 லட்சத்தையும் லாபமாகக் காட்டி 3 லட்சம் ரூபாய் வரி கட்ட வேண்டியவராகிறார். அன்று மிச்சம் பிடித்தது 2.16 லட்சம், இன்று இழப்பது 3 லட்சம்.

அந்த 3 லட்சம் யாருடைய வரி என்று யோசித்துப் பாருங்கள். விலையை மறைத்ததனால் அன்றைக்கு விற்றவர் கட்டாமல் தப்பித்த அதே வரிதான்! மறைத்த தொகையின் மீதான வரி எங்கும் மறைந்து போகவில்லை. விற்றவரின் தோளிலிருந்து இறங்கி வாங்கியவரின் தோளில் ஏறிக்கொண்டது. “உங்களுக்குத்தான் முத்திரைச் செலவு மிச்சம்” என்று நமக்கு உபகாரம் செய்வதுபோல் பேசுபவர், உண்மையில் தம் சுமையை நம் தலையில் இறக்கி வைக்கிறார்.

இது வரியோடு முடிவதில்லை. மூலப்பத்திரத்தில் குறை கண்டு, விற்றவருக்கு விற்கும் உரிமையே இல்லை என்று நாளை நீதிமன்றம் தீர்ப்பளித்தால், நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடிய தொகை பத்திரத்தில் எழுதியுள்ள 48 லட்சம்தான். எழுதிய பத்திரத்துக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியை நிலைநிறுத்துவது எளிதன்று. பையில் போன 24 லட்சத்துக்கு அல்லாஹ் ஒருவனே சாட்சி.

அரசு நிலம் எடுக்கும்போதும் இதே கதைதான். வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை போன்ற திட்டங்கள் நம் பக்கத்து ஊர்களுக்குப் புதியனவல்ல. 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் இழப்பீட்டைக் கணக்கிட, வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களின் விலையையும் பார்க்கிறது. அப்படி வரும் மதிப்புக்குச் சமமான ஆறுதல் தொகையையும் சேர்த்துக் கொடுக்கிறது. தெருவே கூடி விலையைக் குறைத்து எழுதியிருந்தால், இழப்பீட்டு நாளில் அந்தத் தெருவே கூடி அழ வேண்டியதுதான்.

ரொக்கத்தின் அபாயம்

வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்துள்ளது. முன்பணமும் இதில் அடங்கும். மீறினால், பெற்ற தொகைக்குச் சமமான தொகை அபராதமாக விதிக்கப்படலாம். மேற்சொன்ன உதாரணத்தில், பையை வாங்கிக்கொண்டவருக்கு 24 லட்சம் அபராதம் காத்திருக்கிறது. கொடுத்தவரிடம் “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?” என்ற கேள்வி வரும்.

விலை 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால், வாங்குபவர் 1 விழுக்காட்டை விற்பவரின் வரிக் கணக்கில் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூன் 1 முதல் இருந்து வருகிறது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராயின் இந்த 1 விழுக்காடு பொருந்தாது. பிடித்தம் அதைவிட அதிகம், முறையும் வேறு. வளைகுடாவில் இருக்கும் உறவினரிடம் வீடு வாங்குவோர் இதை அறியாமல், பிடிக்கத் தவறிய வரியைப் பின்னர் தம் கையிலிருந்து கட்ட நேரிடுகிறது.

வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. பாலை வெயிலில் வாடி ஈட்டி, வங்கி வழியாக முறையாக அனுப்பிய பணம் அது. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. அதை இங்கே வங்கியிலிருந்து ரொக்கமாக எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்த நொடியிலேயே அந்தக் கணக்கு அறுந்து விடுகிறது. கடல் கடந்து சம்பாதித்த தூய வெள்ளைப் பணத்தை நம் கையாலேயே கறுப்பாக்கி விடுகிறோம்! அந்தப் பிள்ளைகள் வேலை செய்யும் துபாயில், வீட்டு விற்பனை நிலத்துறையில் பதிவாகி, விற்பனை விலையின் மேல் 4 விழுக்காடு கட்டணமாகப் பெறப்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்பனையான வீடுகளின் விலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விலையை வெளிப்படையாக எழுதிய நாடுகள் அழிந்து போய்விடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் கடும் மருந்து ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். 1986இல், பெருநகரங்களில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட சொத்தை விற்குமுன் வருமான வரித்துறைக்குப் படிவம் அளிக்க வேண்டும் என்றும், விலை குறைத்துக் காட்டப்பட்டிருந்தால் எழுதிய அதே விலைக்கு அரசே அந்தச் சொத்தை வாங்கிக்கொள்ளும் என்றும் சட்டம் வந்தது. சொத்தைப் பறிகொடுக்குமுன் உரியவரின் வாதத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று 1992இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. 2002இல் அந்த முறையே கைவிடப்பட்டது. இன்று அத்தகைய படிவம் இல்லை. எனினும் பெருந்தொகைப் பதிவுகளின் விவரம் பதிவு அலுவலகத்திலிருந்தே வருமான வரித்துறைக்குச் சென்று விடுகிறது.

விலை குறைவாக இருந்தால்?

இதுவரை சொன்னது, உண்மை விலை வழிகாட்டி மதிப்பைவிட அதிகமாக உள்ள நிலை. இதற்கு நேர்மாறான சங்கடமும் தாம்பரத்தாருக்கு உண்டு. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட துயரத்தை யார் மறப்பார்? அடையாற்று வெள்ளம் முதல் மாடி வரை வந்த வீடுகளை, வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனால் போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. தெருவின் வழிகாட்டி மதிப்போ வெள்ளத்தை அறியாது.

சதுர அடி 4,000 என்று பட்டியலில் உள்ள தெருவில், 1,200 சதுர அடி மனை உண்மையாகவே 38 லட்சத்து 40 ஆயிரத்துக்குத்தான் விலை போகிறது என்று கொள்வோம். வழிகாட்டி மதிப்பு 48 லட்சம். எழுதிய விலையைவிட முத்திரை மதிப்பு 10 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தால் வருமான வரித்துறை பொறுத்துக்கொள்ளும். இங்கே வித்தியாசம் அதைத் தாண்டி விடுகிறது. ஆகவே வித்தியாசமான 9 லட்சத்து 60 ஆயிரமும் விற்றவருக்கு ஆதாயமாகவும், வாங்கியவருக்கு வருமானமாகவும் கணக்கிடப்படலாம். வராத பணத்துக்கு இருவருக்கும் வரி!

இத்தகைய நிலையில் அஞ்ச வேண்டாம். உண்மை விலையையே எழுதுங்கள். பதிவு அலுவலர் 47-அ பிரிவின் கீழ் அனுப்பினால், தனித்துணை ஆட்சியரிடமிருந்து அறிவிப்பு வரும். 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் உங்கள் வாதத்தை அளிக்கலாம். வெள்ள நாளின் தேதியிட்ட படங்கள், அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயங்களின் சான்றிட்ட நகல்கள், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, வழிப்பாதையின் அகலம் காட்டும் வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். முடிவு திருப்தியளிக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் பதிவுத்துறைத் தலைவரிடமும், அதன்பின் உயர்நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம். வருமான வரி விசாரணையிலும், துறையின் மதிப்பீட்டு அலுவலரைக் கொண்டு மதிப்பைக் கணிக்கும்படி கோர உரிமை உண்டு.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒப்பந்தம் எழுதிய நாளுக்கும் பத்திரம் பதியும் நாளுக்கும் இடையில் வழிகாட்டி மதிப்பு உயர்ந்துவிட்டால், ஒப்பந்த நாளன்றோ அதற்கு முன்போ ஒரு பகுதித் தொகை வங்கி வழியே செலுத்தப்பட்டிருந்தால், வருமான வரிக் கணக்குக்கு ஒப்பந்த நாளின் மதிப்பையே எடுத்துக்கொள்ள இடமுண்டு. வெற்றுத்தாளில் எழுதி, ரொக்கமாக டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பர் முதல் சட்டமாகும்.

வீட்டுக்குள்ளே ஒரு வழக்கு

வாசகச் சகோதரிகளே! இந்தப் பகுதி குறிப்பாக உங்களுக்கு.

தந்தை மரணமடைகிறார், தாயார் முன்பே காலமாகிவிட்டார். ஒரு மகன், இரு பெண்மக்கள். மார்க்கம் வகுத்த பங்கின்படி மகனுக்குப் பாதி. பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒன்று. சேலையூரில் உள்ள வீடு ஒன்றே சொத்து. அதில் குடியிருக்கும் மகன், “வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் பங்கைப் பணமாகத் தருகிறேன்” என்கிறார். நியாயமான பேச்சு. எந்த விலைப்படி? அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார். அதில் 48 லட்சம் என்றிருக்கிறது. தலைக்கு 12 லட்சம். கையெழுத்தாகி விடுகிறது.

அந்த வீட்டின் இன்றைய விலை ஒரு கோடியே இருபது லட்சம் என்றால், ஒவ்வொரு சகோதரிக்கும் சேர வேண்டியது 30 லட்சம். தந்தை அன்று மறைத்து எழுதிய விலை, அவருடைய சொந்தப் பெண்களின் பங்கிலிருந்தே பல லட்சங்களை அரித்துத் தின்றுவிட்டது. அவர் அதை நாடினாரா? ஒருபோதும் இல்லை. மகனும் வேண்டுமென்றே வஞ்சித்தார் என்று சொல்வதற்கில்லை. பத்திரத்தில் உள்ளதைத்தானே காட்டினார்! ஆயினும் ஹக்குள்ளவருக்கு ஹக்குப் போய்ச் சேரவில்லை. பாகம் பிரிக்கும்போது பத்திரத்தின் பழைய எண்ணை வைத்துப் பிரிக்காதீர்கள். பிரிக்கும் நாளின் சந்தை விலையை, நடுநிலையான மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

குடும்பத்தாருக்குள் எழுதும் தானப் பத்திரம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் ஆகியவற்றில் மதிப்பைக் குறைக்கக் காரணமே இல்லை. சட்டம் குறிப்பிடும் குடும்ப உறுப்பினர்களுக்கிடையே தீர்வை 1 விழுக்காடுதான். 2023 ஜூலை 10இல் வந்த மாற்றத்தின்படி அது அதிக அளவாக 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிக அளவாக 10,000 ரூபாய். கோடி ரூபாய் வீட்டை மகளுக்கு உண்மை மதிப்போடு எழுதி வைத்தாலும் அரசுக்குச் செல்வது 50,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

“நாம் ஹிபா கொடுத்தால் பதிவே தேவையில்லையாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கும் அறிவிப்பு, ஏற்பு, கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா செல்லும். அது எழுத்தில் இருந்தாலும் பதிவின்மையால் செல்லாததாகிவிடாது என்று 2011இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது உண்மையே. ஆனால் பட்டா மாற்றும்போதும், வங்கிக்குச் செல்லும்போதும், நாளை விற்கும்போதும் பதிவான பத்திரத்தையே எல்லோரும் கேட்பார்கள். கொடுத்தவர் மறைந்தபின் கைவசம் ஒப்படைத்ததை நிரூபிப்பது பெரும்பாடு. செல்லும் என்பது வேறு, வழக்கில்லாமல் செல்லும் என்பது வேறு.

கையில் இருக்க வேண்டியவை

விலை பேசப் போகுமுன், பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தத் தெருவின், சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைக் காசில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணைய வழிப் பதிவு முறை 2018 பிப்ரவரியிலிருந்து மாநிலமெங்கும் நடைமுறையில் உள்ளது. தரகர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டிய காலம் போய்விட்டது.

மூலப்பத்திரத்தையும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களையும் வரிசையாகப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்காவது வில்லங்கச் சான்று எடுங்கள். பட்டாவில் உள்ள பெயரும் அளவும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியாயிற்று. அதற்கு முன் 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே பழைய பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம், நகராட்சி, பேரூராட்சி என்றெல்லாம் இருக்கும். சொத்து விவரத்தில் பழைய பெயரோடு புதிய பெயரையும் எழுதச் செய்யுங்கள்.

அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடுத்ததும், 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் தெரிந்ததே. மனை அங்கீகாரம் பெற்றதா, வரன்முறை ஆணை உண்டா என்று கேட்டு நகல் வாங்குங்கள். வக்ஃபுச் சொத்தை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்வதைத் தமிழ்நாட்டின் பதிவுச் சட்டத் திருத்தமே தடுக்கிறது. பள்ளிவாசல் நிலமோ தர்காவின் நிலமோ பக்கத்தில் இருந்தால், எல்லையை ஒன்றுக்கு இரண்டு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் இருந்தால் அதன் பரப்பு, வயது, கூரை, தளம் ஆகிய விவரங்களை இணைப்புப் படிவத்தில் உண்மையாக நிரப்ப வேண்டும். கட்டியிருக்கும் வீட்டைக் காலி மனை என்று எழுதுவது, பின்னர் கள ஆய்வில் வெளிப்பட்டு வீண் அலைச்சலைத் தரும். பணம் கைமாறிய விவரத்தை, எந்த வங்கி, எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று ஒவ்வொன்றாகப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முன்பணத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வரைவைப் படியுங்கள்! பத்திர எழுத்தர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது நம்மிடம் நிலைத்துவிட்ட வழக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்து, விலை எழுதிய வரியை இரண்டு முறை வாசியுங்கள்.

எழுத்தும் அமானிதமும்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டியது பற்றியும், சாட்சிகளைப் பற்றியும் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே பேசுகிறது என்பதை நாம் அறிவோம். ஜும்ஆ மேடையில் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். அதே வாரத்தில் சார்பதிவாளர் முன் சென்று, “இவ்வளவுதான் விலையா?” என்ற கேள்விக்கும் தலையாட்டி விடுகிறோம். இரண்டு தலையாட்டலும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடும் நண்பரையும் உறவினரையும் நம் பொய்க்குள் இழுத்து விடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

“விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் என்ன செய்வேன்?” என்பது நியாயமான கேள்வி. அவரிடம் மேலே கண்ட கணக்கைக் காட்டுங்கள். ரொக்கம் பெற்றால் அவருக்கு வரக்கூடிய அபராதத்தையும் சொல்லுங்கள். அவருக்கு வரும் ஆதாயத்தை வேறொரு குடியிருப்பு வீட்டில் உரிய காலத்துக்குள் முதலீடு செய்தால் சட்டமே வரிச் சலுகை தருகிறது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்; பலருக்கு இது தெரியாது. அதன் பின்னும் பிடிவாதம் பிடித்தால், அந்த மனையை விட்டுவிடுங்கள். தாம்பரத்தில் மனைக்குப் பஞ்சமில்லை.

வீடு என்பது ஒரு தலைமுறையின் உழைப்பு. அதில் குடியேறும் நாளில் ஹஜ்ரத்தை அழைத்து ஓதச் செய்து, பரகத்துக்காகக் கையேந்துகிறோம். அந்த வீட்டின் முதல் தாளில் எழுதிய முதல் எண் உண்மையாக இருக்கட்டும். நாளை உங்கள் மகளோ மகனோ அந்தப் பத்திரத்தைப் பிரித்துப் படிக்கும்போது, அதில் உள்ள விலையை அப்படியே நம்பலாம் என்ற நிம்மதி அவர்களுக்குக் கிடைக்கட்டும்.